கடந்து போகிறவருக்கெல்லாம் நோட்டிபிகேஷன் வேண்டாம்

ஆண்ட்ராய்டு ஆப்பில் கடையைச் சுற்றி ஜியோஃபென்ஸ் (வரைபடத்தில் போடும் கற்பனை வட்டம்) போடும்போது, 'என்டர்' (வட்டத்துக்குள் நுழைவது) நிகழ்வை விட்டுவிட்டு 'ட்வெல்' (உள்ளேயே தங்கி நிற்பது) நிகழ்வுக்கு நோட்டிபிகேஷன் அனுப்புங்கள். லாய்ட்டரிங் டிலே (எவ்வளவு நேரம் உள்ளே நின்றால் 'ட்வெல்' என்று கணக்கு) 3,00,000 மில்லிசெகண்ட், அதாவது 5 நிமிடம். ஆரம் 150 மீட்டர். பஸ்ஸில் போகிறவர் அதற்குள் வட்டத்தைத் தாண்டிவிடுவார், இறங்கி நிற்பவருக்கு மட்டும் செய்தி போகும். சம்பந்தமில்லாத செய்தி நாலு வந்தால் ஆப்பையே தூக்கிவிடுவார்கள் என்பதால் இந்தப் பொறுமை அவசியம். ஆரத்தை 100 மீட்டருக்குக் கீழே இறக்காதீர்கள். வைஃபை இல்லாத இடத்தில் இருப்பிடக் கணிப்பு அதைவிட அதிகமாகவே பிசகும். போன் ரீஸ்டார்ட் ஆனதும் ஜியோஃபென்ஸை மறுபடி பதிய வேண்டும்.

இரண்டே நிமிடத்தில் ஆள் கிளம்பிவிடும் பார்சல் கவுன்டருக்கு இது உதவாது. லொகேஷனுக்கு 'எப்போதும் அனுமதி' தராதவர்களுக்கும் பலிக்காது. ஐபோனில் 'ட்வெல்' நிகழ்வே கிடையாது, நுழைவும் வெளியேற்றமும் மட்டும்தான்.