லின்ஃபோனை அம்மா கையில் கொடுக்கும் முன்

லின்ஃபோன் போன்ற கட்டற்ற (மூலநிரல் திறந்திருக்கும்) இணைய அழைப்புச் செயலியை ஒருவருக்குப் பரிந்துரைத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். முதல் திரையிலேயே பயனர்பெயர், டொமைன், டிரான்ஸ்போர்ட் என்று கேட்டால் யாருமே மூடிவிடுவார்கள். 5060, 5061 என்ற போர்ட் எண்களெல்லாம் அம்மாவுக்கு எதற்கு?

லின்ஃபோன் என்றால் கணக்கை நீங்களே தொடங்கி, அவர் போனில் உள்நுழைந்து கொடுங்கள். மைக், கேமரா, அறிவிப்பு அனுமதிகளையும் அப்போதே தந்துவிடுங்கள். அடுத்தது பேட்டரி. ஆண்ட்ராய்டில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். இல்லாவிட்டால் திரை அணைந்து கொஞ்ச நேரத்தில் போன் அதைத் தூங்க வைத்துவிடும். அழைப்பு வந்தாலும் மணி அடிக்காது. "இந்த ஆப் சரியில்லை" என்ற புகாரில் பாதி இதுதான் என்பது என் அனுபவம்.

முகம் பார்த்துப் பேசினால் போதும் என்றால் ஜிட்சி மீட் என்ற வீடியோ அழைப்புச் சேவை இன்னும் சுலபம். அதில் அழைப்பு நடக்கும் இடத்துக்கு அறை என்று பெயர்; எளிதில் ஊகிக்க முடியாத நீளமான அறைப்பெயர் ஒன்றை வையுங்கள். அந்த அறையின் இணைப்பை (லிங்க்) அவர் போனின் முகப்புத்திரையில் ஐகானாகப் போட்டுவிடுங்கள். தட்டினால் அறை. 2023 முதல் ஜிட்சியின் பொதுத் தளத்தில் அறையைத் தொடங்குபவர் மட்டும் ஒரு கணக்கு மூலம் உள்நுழைய வேண்டும். அந்த வேலை உங்களுடையது, அதனால் நீங்கள் முதலில் போய் உட்காருங்கள்.

எதிரொலி கேட்டால் ஹெட்போன்.