சமன்பாட்டைச் சமன் செய்ய 13 டீ கப், கொஞ்சம் புளியங்கொட்டை

வேதிச் சமன்பாட்டில் திணறும் பிள்ளைகள் கணக்கு வராமல் திணறுவதில்லை. எந்த எண்ணைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதில்தான் குழப்பம். அதனால் நோட்டைத் திறக்கும் முன் கொட்டையும் கப்பும் வைத்து ஒரு வகுப்பு எடுத்துவிடுங்கள். குறியீடு, இணைதிறன், வாய்பாடு எழுதுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே பெயர்களாகவே எழுதியிருக்கிறேன், நோட்டில் குறியீடாக எழுதிக்கொள்ளலாம்.

வேண்டியவை: புளியங்கொட்டை 8, ராஜ்மா 24, வெள்ளைக் கொண்டைக்கடலை 20, சின்ன காகித டீ கப் 13, சாக்பீஸ். புளியங்கொட்டை கார்பன், ராஜ்மா ஆக்ஸிஜன், கொண்டைக்கடலை ஹைட்ரஜன். ஆய்வகத்து மூலக்கூறு மாதிரிகளிலும் கறுப்பு, சிவப்பு, வெள்ளை இதே வரிசைதான். சிவப்பாக இருக்கிறதே என்று குன்றிமணியை எடுக்க வேண்டாம், அது நச்சு.

படி 1: கப்புக்குள் கை வைக்காதே

தரையில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் வினைபடுபொருள், வலப்பக்கம் விளைபொருள். ஒரு கொட்டை என்றால் ஓர் அணு, ஒரு கப் என்றால் ஒரு மூலக்கூறு. கோட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வகைக் கொட்டையும் அதே எண்ணிக்கையில் இருந்தால் சமன்பாடு சமன். கப்புக்குள் ஒவ்வொரு வகைக் கொட்டையும் எத்தனை என்பது கீழொட்டு எண் (குறியீட்டுக்குக் கீழே சின்னதாக எழுதுவது). எத்தனை கப் என்பது கெழு (வாய்பாட்டுக்கு முன்னால் எழுதும் எண்). கப்பைக் கூட்டலாம், குறைக்கலாம். உள்ளே இருப்பதைத் தொடக் கூடாது.

முதலில் நீர். இடப்பக்கம் ஹைட்ரஜன் கப் ஒன்று (வெள்ளை 2), ஆக்ஸிஜன் கப் ஒன்று (சிவப்பு 2). வலப்பக்கம் நீர்க் கப் ஒன்று (வெள்ளை 2, சிவப்பு 1). வலப்பக்கம் ஒரு சிவப்பு குறைகிறது. பிள்ளை என்ன செய்யும்? ஒரு ராஜ்மாவை எடுத்து நீர்க் கப்புக்குள் போடும். உடனே தடுக்காதீர்கள், போடட்டும். எண்ணிக்கை சரியாகத்தான் வரும். ஆனால் இப்போது கப்பில் இருப்பது நீர் அல்ல, ஹைட்ரஜன் பெராக்சைடு. புண் கழுவவும் முடியை வெளுக்கவும் பயன்படுகிற பொருள், குடிக்க முடியாது. கீழொட்டை மாற்றினால் பொருளே மாறிவிடும் என்பது இந்த இடத்தில்தான் மனதில் பதியும்.

இன்னொரு பிள்ளை ஆக்ஸிஜன் கப்பிலிருந்து ஒரு ராஜ்மாவை வெளியே எடுத்துப் போடும். அதுவும் ஆகாது. ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்ஸிஜன், ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் இந்த ஏழும் தனியாக வரும்போது இரட்டையாகத்தான் வரும்.

சரியான வழி: நீர்க் கப் இன்னொன்று வையுங்கள். இப்போது இடப்பக்கம் வெள்ளை 2 குறைகிறது. ஹைட்ரஜன் கப் இன்னொன்று. கெழுக்கள் 2, 1, 2.

படி 2: ஆக்ஸிஜன் கடைசியில்

அடுத்து, சமையல் கேஸில் இருக்கும் புரொப்பேன். ஒரு கப்பில் கார்பன் 3, ஹைட்ரஜன் 8. எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீரும் வரும்.

கார்பன் 3, ஆகவே கார்பன் டை ஆக்சைடு 3 கப். ஹைட்ரஜன் 8, ஆகவே நீர் 4 கப். வலப்பக்கம் சிவப்பை எண்ணினால் 6 + 4 = 10. இடப்பக்கம் ஆக்ஸிஜன் 5 கப். முடிந்தது.

ஏன் ஆக்ஸிஜன் கடைசி? வலப்பக்கம் அது இரண்டு சேர்மங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இடப்பக்கம் தனியாக இருக்கிறது. தனியாக இருக்கும் தனிமத்தின் கப்பை எத்தனை கூட்டினாலும் வேறு எந்தக் கணக்கும் கலையாது. ஆக்ஸிஜனில் தொடங்கினால், கார்பனைச் சரிசெய்யும்போதெல்லாம் மறுபடி கலையும்.

இடப்பக்கம் 6 கப், வலப்பக்கம் 7 கப் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கட்டும். சமமாக வேண்டியது கொட்டை எண்ணிக்கை, கப் எண்ணிக்கை அல்ல.

சரிபார்க்க வலப்பக்கக் கப்புகளைக் காலி செய்து, இடப்பக்கக் கொட்டைகளையே எடுத்து அவற்றில் நிரப்பச் சொல்லுங்கள். ஒன்றும் மிஞ்சக் கூடாது, ஒன்றும் குறையக் கூடாது. பெரிய வகுப்பென்றால் நிறையையும் கூட்டிக் காட்டலாம்: புரொப்பேன் 44 கிராம், ஆக்ஸிஜன் 160 கிராம். அந்தப் பக்கம் 132 + 72. இரண்டும் 204.

படி 3: அரை வந்தால்

சமையல் கேஸில் இருக்கும் இன்னொரு வாயு பியூட்டேன். அதில் கார்பன் 4, ஹைட்ரஜன் 10. கார்பன் டை ஆக்சைடு 4, நீர் 5, சிவப்பு 13. ஆக்ஸிஜன் கப் ஆறரை! பயப்பட வேண்டாம், எல்லாக் கெழுவையும் 2-ஆல் பெருக்குங்கள்: 2, 13, 8, 10. பியூட்டேனை மட்டும் இரட்டிப்பாக்கிவிட்டு மற்றதை மறந்துவிடுவது வழக்கமான தவறு. (14.2 கிலோ சிலிண்டரில் இருப்பது முழுக்க பியூட்டேன் என்று வைத்துக்கொண்டால், அது எரிந்து தீர கிட்டத்தட்ட 51 கிலோ ஆக்ஸிஜன் வேண்டும். அடுப்படியில் ஜன்னல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.)

படி 4: நோட்டுக்கு வரும்போது

பேனா வேண்டாம், பென்சில். ஒவ்வொரு வாய்பாட்டையும் சுற்றி ஒரு பெட்டி போடச் சொல்லுங்கள், அதுதான் கப். எண் எழுதுவது பெட்டிக்கு வெளியே மட்டும். கீழே மூன்று பத்தியில் அட்டவணை: தனிமம், இடம், வலம். சமன் செய்து தரும் ஆப்கள் விடை சரிபார்க்க மட்டும் போதும். முதல் வாரத்திலேயே கையில் கொடுத்தால் அட்டவணை போடும் பழக்கமே வராது.

படி 5: அடைப்புக்குறி

அலுமினியம் சல்ஃபேட் + கால்சியம் ஹைட்ராக்சைடு → அலுமினியம் ஹைட்ராக்சைடு + கால்சியம் சல்ஃபேட். முதல் பொருளின் வாய்பாட்டில் சல்ஃபேட்டைச் சுற்றி அடைப்புக்குறி வரும். அதற்கு வெளியே உள்ள 3, உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் பெருக்கும்: சல்ஃபர் 3, ஆக்ஸிஜன் 12. ஆனால் இங்கே ஆக்ஸிஜனை எண்ணவே வேண்டாம். சல்ஃபேட் இரண்டு பக்கமும் உடையாமல் வருவதால் அதை ஒரே பொட்டலமாக எண்ணுங்கள், ஹைட்ராக்சைடையும் அப்படியே. 1, 3, 2, 3.

பின்சேர்க்கை: தாமிரத்தோடு நீர்த்த நைட்ரிக் அமிலம் சேரும் சமன்பாட்டில் இந்தப் பொட்டல வழி சிக்குகிறது. காரணம், நைட்ரேட்டில் ஒரு பகுதி உடைந்து நைட்ரிக் ஆக்சைடாகிறது. விடை: தாமிரம் 3, அமிலம் 8, தாமிர நைட்ரேட் 3, நைட்ரிக் ஆக்சைடு 2, நீர் 4. எட்டில் ஆறு நைட்ரேட்டாகவே நிற்கிறது, இரண்டுதான் உடைகிறது. ஆக்சிஜனேற்ற எண் படிக்கும் வரை இந்த வகையைத் தள்ளி வையுங்கள்.