என்.எஃப்.எல். டிராஃப்ட்டை விவாதிப்பது எப்படி? டெட்ராய்ட் லயன்ஸ் 2023-ஐ வைத்து ஒரு செய்முறை விளக்கம்

அமெரிக்கக் கால்பந்தின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இல் ஓர் அணி யாரை எடுத்திருக்க வேண்டும் என்று வாதாடுவது, அதன் ரசிகர்களுக்கு ஆட்டத்தைப் பார்ப்பதற்கு நிகரான பொழுதுபோக்கு. கல்லூரி வீரர்களின் பெயர்கள் தெரியவில்லையே என்று புதியவர்கள் அந்த விவாதத்தில் கலந்துகொள்ளத் தயங்குகிறார்கள். ஆனால் பெயர்கள் கடைசியில்தான் தேவைப்படும். முதலில் தேவைப்படுவது அணியின் ஆள்கணக்கும் சம்பளக் கணக்கும்தான். இரண்டும் கையில் இருந்தால், ஒரு வீரரின் ஆட்டத்தைக்கூடப் பார்க்காமலேயே பாதி விவாதத்தை நடத்திவிடலாம்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுதோறும் ஏப்ரல் இறுதியில் 32 அணிகள், ஏழு சுற்றுகளாக, கல்லூரியிலிருந்து வரும் வீரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன; இதுதான் டிராஃப்ட். ஐ.பி.எல். ஏலத்தைப் போல இங்கே பணம் கொட்டி யாரையும் வாங்க முடியாது. முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணி முதலில் தேர்வு செய்யும், கோப்பை வென்ற அணி ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாகத் தேர்வு செய்யும். ஆனால் தேர்வு எண்களை, அதாவது எத்தனையாவதாகத் தேர்வு செய்யலாம் என்ற உரிமையை, அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். சூடான விவாதங்கள் பெரும்பாலும் இந்த மாற்றங்களிலிருந்தே பிறக்கின்றன.

படி 1: ஆள்கணக்கை எடுங்கள்

ஓர் அணியில் 53 பேர். தாக்குதலில் 11, தடுப்பில் 11 என்று ஒரு தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் இப்போது ஆடுபவரின் பெயரையும் அவருடைய ஒப்பந்தம் முடியும் ஆண்டையும் எழுதுங்கள். காலியான கட்டம் இன்றைய தேவை. அடுத்த ஆண்டு ஒப்பந்தம் முடியும் கட்டம் நாளைய தேவை. புதியவர்கள் முதல் வகையை மட்டும் பார்ப்பார்கள். அணிக்கு ஆள் எடுக்கும் பொது மேலாளர்களோ இரண்டாவதையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

2023 ஏப்ரலில் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் தாள் எப்படி இருந்தது என்று பாருங்கள். முந்தைய பருவத்தில் 9 வெற்றி, 8 தோல்வி. எதிரணிகள் பந்தோடு முன்னேற லீக்கிலேயே மிக அதிக யார்டுகளை விட்டுக்கொடுத்த தடுப்பு அவர்களுடையதுதான். டைட் எண்ட் (எதிரணியை மறித்தும் பந்தைப் பிடித்தும் ஆடுபவர்) டி.ஜே. ஹாக்கன்சனைப் பருவத்தின் நடுவிலேயே மினசோட்டாவுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். கார்னர்பேக் (பந்து பிடிக்க ஓடும் எதிரணியினரைத் தடுப்பவர்) ஜெஃப் ஒகூடாவை அட்லாண்டாவுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த இடத்துக்கு, ஒப்பந்தம் முடிந்த வீரர்களின் வெளிச்சந்தையில் கேமரன் சட்டனையும் வேறு சிலரையும் வாங்கியிருந்தாலும், நீண்டகாலத்துக்கு ஓர் இளைஞர் வேண்டும் என்றே பலரும் எண்ணினோம். ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) இடத்தில் ஜமால் வில்லியம்ஸ் போய் டேவிட் மான்ட்கோமரி வந்திருந்தார். டிஆண்ட்ரே ஸ்விஃப்ட் அப்போதும் அணியில் இருந்தார். இந்தத் தாளைப் பார்க்கும் எவரும் தடுப்பாட்டக்காரரைத்தான் கேட்பார்கள். நானும் லயன்ஸிடம் இருந்த 6-ஆம் எண்ணுக்கு நேராகக் கார்னர்பேக் என்றுதான் குறித்து வைத்திருந்தேன்.

படி 2: அந்த இடத்தின் சந்தை விலையைப் பாருங்கள்

விவாதத்தின் உயிர்நாடி இந்தப் படியில்தான் இருக்கிறது. 2011-இல் கையெழுத்தான தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு, புதிய வீரரின் நான்காண்டுச் சம்பளத்தை ஏறத்தாழ அவருடைய தேர்வு எண்தான் நிர்ணயிக்கிறது. அவர் எந்த இடத்தில் ஆடுகிறார் என்பது நிர்ணயிப்பதில்லை. 2023-இல் 12-ஆம் எண்ணுக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்துச் சுமார் 1.78 கோடி டாலர், அதாவது ஆண்டுக்கு ஏறக்குறைய 45 லட்சம் டாலர். அதே காலத்தில் வெளிச்சந்தையில் உச்ச விலை என்ன? லெஃப்ட் டேக்கிள் (தாக்குதல் வரிசையின் இடப்பக்கத்தைக் காப்பவர்) லேரமி டன்சிலுக்கு ஆண்டுக்கு 2.5 கோடி, ரன்னிங் பேக் கிறிஸ்டியன் மெக்காஃப்ரிக்குச் சுமார் 1.6 கோடி; பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் முன்னணிக் குவார்ட்டர்பேக்குகளுக்கு 5 கோடிக்கும் மேல்.

இப்போது கழித்துப் பாருங்கள். 12-ஆம் எண்ணில் எடுத்தவர் அத்தனை பெரிய டேக்கிளாகவே வளர்ந்துவிட்டால் அணிக்கு ஆண்டுக்கு 2 கோடிக்கு மேல் மிச்சம். அதே தரத்துக்கு ஒரு ரன்னிங் பேக் வளர்ந்தாலும் மிச்சம் 1.15 கோடிதான். மிச்சமாகும் பணம் அணியின் சம்பள வரம்புக்குள் இன்னொரு நல்ல வீரரை வாங்க உதவும் என்பதால், “ரன்னிங் பேக்கை முதல் சுற்றில் எடுக்காதே” என்ற பல்லவியைப் பலரும் பாடுகிறார்கள். அந்த வீரர் மோசமானவர் என்பது அதன் பொருளன்று. அவரை அந்த எண்ணில் எடுப்பது கட்டுப்படியாகாது என்பதே வாதம். பாதிச் சண்டைகள் இந்த வேறுபாட்டைப் பிடிக்காமல்தான் நடக்கின்றன.

படி 3: எண் மாற்றத்தை எடை போடுங்கள்

டல்லஸ் கவ்பாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் 1990-களின் தொடக்கத்தில் பயன்படுத்திய புள்ளி அட்டவணை இன்றும் விவாதங்களில் புழங்குகிறது. அதில் முதல் தேர்வுக்கு 3000 புள்ளி, 6-ஆம் தேர்வுக்கு 1600, 12-க்கு 1200, 34-க்கு 560, 81-க்கு 185. பிற்காலத்தில் கணக்கில் தேர்ந்தவர்கள் வேறு அட்டவணைகள் போட்டு, இது முதல் சில எண்களை மிகையாக மதிப்பிடுகிறது என்று காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் பழகுவதற்கு இதுவே போதும்.

லயன்ஸிடம் இருந்த 6-ஆம் எண், குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்குக் கொடுத்ததில் வந்தது. 2023 ஏப்ரல் 27 அன்று, நம் நேரப்படி 28-ஆம் தேதி காலை, அவர்கள் 6-ஐயும் 81-ஐயும் அரிசோனாவிடம் கொடுத்து 12, 34, 168 ஆகிய மூன்றையும் வாங்கினார்கள். கொடுத்தது 1600-உம் 185-உம் சேர்த்து 1785. வாங்கியது 1200, 560, அதோடு 168-க்குச் சுமார் 24, ஆக 1784. தராசு ஒரு புள்ளிகூடச் சாயவில்லை என்றே சொல்லலாம். எனவே மாற்றத்தைக் குறை சொல்பவர் புள்ளியை வைத்துச் சொல்ல முடியாது. கிடைத்த எண்களில் யாரை எடுத்தார்கள் என்பதில்தான் சண்டையிட முடியும்.

அவர்கள் எடுத்தவர்கள் இவர்கள்: 12-இல் ரன்னிங் பேக் ஜமீர் கிப்ஸ், 18-இல் லைன்பேக்கர் (தடுப்பில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) ஜாக் கேம்பல், 34-இல் டைட் எண்ட் சாம் லபோர்டா, 45-இல் தடுப்பாட்டக்காரர் பிரையன் பிராஞ்ச். முதல் மூன்றும் சந்தையில் விலை குறைந்த இடங்கள். அன்று காலை என் காபி ஆறிப்போனது இன்னும் நினைவிருக்கிறது. ஸ்விஃப்ட்டை இரண்டு நாள்களில் ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அதாவது முதலில் ஆளை எடுத்துவிட்டு, கட்டத்தைப் பிறகு காலி செய்தார்கள்.

படி 4: எதிர்த்தரப்பின் வாதத்தை நீங்களே எழுதுங்கள்

உங்கள் கருத்துக்கு எதிரான மிக வலுவான வாதத்தை எழுத முடியாவிட்டால், உங்கள் கருத்தும் இன்னும் வேகவில்லை என்று கொள்ளுங்கள். லயன்ஸ் பொது மேலாளர் பிராட் ஹோம்ஸ் தரப்பில் நான் எழுதிப் பார்த்தது இது: விலை மிச்சம் என்பது வீரர் வெற்றி பெற்றால்தான் கைக்கு வரும், தோற்றுப்போகும் கார்னர்பேக் ஒரு டாலரையும் மிச்சப்படுத்தமாட்டார். ஆகவே இடத்தின் விலையைவிட, தன் ஆட்டமுறைக்குப் பொருந்துவார் என்ற உறுதி பெரிது. தனித்தனித் தேர்வாக அல்லாமல் தொகுப்பாகப் பார்த்தால், 6-உம் 81-உம் போய், கிப்ஸும் லபோர்டாவும் வந்தார்கள்.

இதற்கு மறுமொழி சொல்வது எளிதன்று. 2023-இல் லபோர்டா 86 பந்துகளைப் பிடித்து, அறிமுகப் பருவ டைட் எண்ட்களில் அன்றைய சாதனையைப் படைத்தார். கிப்ஸ் முதல் ஆண்டில் 945 யார்டுகளும் மறு ஆண்டில் 1412 யார்டுகளும் ஓடினார். 2023 பருவத்தில் அணி 12 ஆட்டங்களில் வென்று, கோப்பைக்கான இறுதிக்கு முந்தைய ஆட்டமான மாநாட்டு இறுதி ஆட்டத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவிடம் 34-31 என்று மயிரிழையில் தோற்றது.

படி 5: வேறு யார் இருந்தார் என்று கேளுங்கள்

தேர்வானவர் நன்றாக ஆடினார் என்பது மட்டும் வாதத்தை முடித்துவிடாது. அந்த எண்ணில் வேறு யாரை எடுத்திருக்கலாம் என்பதே சரியான கேள்வி. கார்னர்பேக் கிறிஸ்டியன் கொன்சாலஸ் 17-ஆம் எண் வரை காத்திருந்தார். நியூ இங்கிலாந்து அவரை எடுத்து, நல்லதொரு கார்னர்பேக்கைப் பெற்றது. லயன்ஸுக்கோ அந்தத் தேவை தள்ளிப்போனதே தவிர தீரவில்லை. 2024 டிராஃப்ட்டில் அவர்களுடைய முதல் இரண்டு தேர்வுகளும் கார்னர்பேக்குகள்தாம்: டெரியன் ஆர்னல்ட், என்னிஸ் ரேக்ஸ்ட்ரா.

ஆர்னல்டை எடுக்க அவர்கள் 29-ஐயும் 73-ஐயும் டல்லஸிடம் கொடுத்து 24-ஆம் எண்ணுக்கு ஏறினார்கள். கூடவே அடுத்த ஆண்டின் ஏழாம் சுற்றுத் தேர்வு ஒன்று வந்தது, அதைக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை. அட்டவணைப்படி 29-க்கு 640, 73-க்கு 225, 24-க்கு 740. கூட்டிக் கழித்தால் லயன்ஸ் 125 புள்ளி அதிகம் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் சுற்றின் கடைசியில் வரும் ஒரு தேர்வின் விலை அது. அந்த 125-ஐ 2024-இன் செலவாக எழுதுவதா, 2023-இல் கார்னர்பேக்கை விட்டதன் பாக்கியாக எழுதுவதா? உங்கள் தாளில் எழுதிவிட்டு, லயன்ஸ் ரசிகர் ஒருவரிடம் காட்டுங்கள்.