அமெரிக்க ஸ்பவுஸ் விசாவும் வேய்வரும்: படிவத்துக்கு முன்னால் நாள் கணக்கு

போன வருடம் ஒரு தம்பி இரவு பதினோரு மணிக்கு போன் செய்தார். “அண்ணே, தங்கச்சி கல்யாணம். பத்து நாள் ஊருக்குப் போயிட்டு வந்துடறேன். வீட்டுல சிட்டிசன்தானே, வரும்போது விசா குத்திக் குடுத்துடுவாங்கல்ல?” டிக்கெட் விலைகூடப் பார்த்து வைத்திருந்தார். “உன் ஐ-94 எப்பப்பா முடிஞ்சது?” என்று கேட்டேன். எந்தத் தேதிவரை தங்கலாம் என்று சொல்லும் அரசுப் பதிவு அது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

விமானம் ஏறியிருந்தால் பத்து வருடத் தடை. ஏறாமல் இங்கே அமெரிக்காவிலேயே விண்ணப்பித்தால், அந்தத் தடையை மன்னிக்கும்படி கேட்கும் வேய்வரே அவருக்குத் தேவையில்லை. இது புரிந்துவிட்டால் மீதியெல்லாம் படிவம் நிரப்பும் வேலைதான். நான் வக்கீல் இல்லை. என் மனைவிக்கு நானே விண்ணப்பம் போட்டேன், அப்புறம் தெரிந்தவர்கள் நாலைந்து பேருக்குக் கூட உட்கார்ந்து பார்த்தேன், அவ்வளவுதான்.

படி 1: எந்த வாசல் என்று பாருங்கள்

துணைவருக்காக விண்ணப்பிப்பவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவரா, கிரீன் கார்டு வைத்திருப்பவரா? குடிமகனின் கணவன், மனைவிக்கு ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு கிடையாது, வரிசையும் கிடையாது. கிரீன் கார்டு என்றால் எஃப்2ஏ பிரிவு. யாருடைய முறை வந்திருக்கிறது என்று அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். நடுவில் அவர் குடியுரிமை வாங்கிவிட்டால் விண்ணப்பம் குடிமகன் வாசலுக்கு மாறிவிடும்.

அடுத்தது, துணைவர் எங்கே இருக்கிறார்? ஊரில் இருந்து, இதற்கு முன் அமெரிக்கா பக்கமே வராதவர், பழைய விசா விண்ணப்பங்களில் பொய் எதுவும் இல்லை, குற்ற வழக்கும் இல்லை என்றால் படி 2-ஐ விட்டுவிட்டு 3-க்குப் போகலாம்.

படி 2: நாள்களை எண்ணுங்கள்

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவின் காலாவதித் தேதியைப் பார்த்து எண்ணாதீர்கள். அது உள்ளே வருவதற்கான தேதி. தங்குவதற்கான தேதி ஐ-94 பதிவில் இருக்கிறது; பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு அரசுத் தளத்திலேயே எடுக்கலாம்.

சட்டவிரோதமாகத் தங்கியது 180 நாளைத் தாண்டி ஒரு வருடத்துக்குள் என்றால் 3 ஆண்டுத் தடை. ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் 10 ஆண்டு. 18 வயதுக்கு முன் தங்கிய நாள்கள் கணக்கில் வராது. நிறையப் பேர் தவறவிடும் விஷயம், இந்தத் தடை நாட்டை விட்டு வெளியேறும்போதுதான் விழுகிறது.

மாணவர் விசாவில் வந்தவர்களின் ஐ-94-இல் தேதிக்குப் பதில் ‘டி/எஸ்’ (மாணவர் அந்தஸ்து இருக்கும் வரை) என்று இருந்தால் கணக்கே வேறு. படிப்பை விட்டதும் நாள் ஓடத் தொடங்கிவிடும் என்று பயப்படுகிறார்கள். குடியேற்றத் துறையோ குடியேற்ற நீதிபதியோ முறைப்படி முடிவு சொன்ன பிறகுதான் அந்த எண்ணிக்கை தொடங்கும்.

முறையான விசாவில் வந்து, தேதி தாண்டித் தங்கி, குடிமகனை மணந்தவர் இங்கிருந்தபடியே ஐ-485 போட்டு கிரீன் கார்டு கேட்கலாம். நம் தம்பி இந்த ரகம். ஐ-485 உள்ளே போய், அட்வான்ஸ் பரோல் என்ற பயண அனுமதி கைக்கு வந்து, வக்கீலும் சரி என்று சொன்ன பிறகுதான் ஊர்ப் பேச்சு. தங்கச்சி கல்யாணத்தை வாட்ஸ்அப்பில் பார்த்தார்.

எல்லை வழியாக அனுமதியின்றி வந்தவர்களும், தேதி தாண்டித் தங்கிய கிரீன் கார்டுக்காரரின் துணைவர்களும் பெரும்பாலும் வெளியே போய்த்தான் விசா வாங்க வேண்டியிருக்கும். வேய்வர் முக்கியமாக இவர்களுக்குத்தான்; பழைய பொய் கிளம்பியவர்கள் கதை படி 5-இல். மொத்தம் ஒரு வருடத்துக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கி, வெளியே போய், மறுபடி எல்லை தாண்டி வந்தவர் விஷயம் இன்னும் கடுமை. பத்து வருடம் வெளியே இருந்த பிறகுதான் திரும்ப வர அனுமதியே கேட்க முடியும். அவர் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு வக்கீலிடம் போகட்டும்.

படி 3: ஐ-130

திருமணம் உண்மை என்று காட்டும் விண்ணப்பம் இது. துணைவரின் விவரங்களுக்கு ஐ-130ஏ. 2024 ஏப்ரலில் மாற்றிய கட்டணப்படி ஆன்லைனில் 625 டாலர், காகிதத்தில் 675. கட்டும் அன்றைக்குக் குடியேற்றத் துறைத் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

கோயில் ரசீது, மண்டப பில் எல்லாம் செல்லாது. பதிவுத் திருமணச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். இன்னும் செய்யவில்லை என்றால் இன்றைக்கே சார்பதிவாளர் அலுவலகம் போங்கள். தமிழில் உள்ள ஆவணத்துக்கு முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் போதும். நோட்டரி முத்திரை தேவையில்லை.

ஆல்பத்தின் 400 போட்டோவையும் ஏற்றாதீர்கள். இருபது போதும். ஒவ்வொன்றின் கீழும் யார், எங்கே, எப்போது என்று ஒரு வரி. ‘மாப்பிள்ளையின் தாய்மாமா, பெண்ணின் சித்தி, திருநெல்வேலி மண்டபம்’ என்று எழுதியிருந்தால் இரண்டு குடும்பமும் கூடி நடத்திய கல்யாணம் என்பது தெரிந்துவிடும். பத்திரிகை, விமான டிக்கெட், கூட்டுக் கணக்கு, நாமினி பெயர் எல்லாம் உதவும். நான் மொய் நோட்டின் முதல் இரண்டு பக்கத்தையும் மொழிபெயர்த்து வைத்தேன். மனைவி இன்னமும் கிண்டல் செய்கிறாள்.

பெயர் விஷயம் நமக்கே உரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’ என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அப்புறம் ஓட்டுநர் உரிமத்திலிருந்து வங்கி அட்டை வரை அதுவே தொடரும். இனிஷியலை விரித்து எழுதி பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்த பிறகு விண்ணப்பித்தால் நிம்மதி.

படி 4: தேசிய விசா மையம்

வெளிநாட்டில் விசா வாங்குபவர் என்றால், ஐ-130 ஒப்புதல் ஆனதும் கோப்பு இங்கே வரும். விசாக் கட்டணம் 325 டாலர், ‘துணைவரை நான் பார்த்துக்கொள்வேன்’ என்ற ஆதரவு உறுதிமொழிக்கு (ஐ-864) 120. டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். ஐ-864-இல் விண்ணப்பிப்பவரின் வருமானம் வறுமைக் கோட்டின் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். 2025 கணக்கில் இரண்டு பேர் குடும்பத்துக்கு ஏறத்தாழ 26,437 டாலர். போதவில்லை என்றால் இன்னொருவர் கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்திடலாம். இந்தியாவில் இருப்பவர் பாஸ்போர்ட் சேவா வழியாக பிசிசி என்ற போலீஸ் சான்று எடுக்க வேண்டும். 16 வயதுக்குப் பின் அமெரிக்கா அல்லாத வேறு நாட்டில் ஒரு வருடம் இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றும் சேரும்.

படி 5: வேய்வர்

இரண்டு படிவம் உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். ஐ-601ஏ, அமெரிக்காவுக்குள் இருந்தபடியே, வெளியே போவதற்கு முன்பே கேட்பது. 2013-இல் வந்தது, 2016-இல் கிரீன் கார்டுக்காரரின் துணைவருக்கும் விரிந்தது. சட்டவிரோதமாகத் தங்கியதை மட்டுமே அது மன்னிக்கும். ஐ-130 ஒப்புதலாகி, விசாக் கட்டணமும் கட்டிய பிறகுதான் போட முடியும். 2024 கட்டணம் 795 டாலர். போட்டதால் வேலை அனுமதியோ வேறு அந்தஸ்தோ கிடைக்காது, முடிவு வர ஆண்டுக்கணக்காகும்.

இன்னொன்று ஐ-601, 2024 கட்டணம் 1,050 டாலர். தூதரகத்தில் தகுதியில்லை என்று சொன்ன பிறகு போடுவது. பழைய விசிட்டர் விசாவுக்கு ஏஜென்ட் ‘திருமணம் ஆகவில்லை’ என்று டிக் அடித்தது, போலி அனுபவச் சான்று வைத்தது எல்லாம் இங்கேதான் வந்து நிற்கும். பொய்க்கான தடைக்கு ஆண்டு வரம்பே இல்லை. ஐ-601ஏ கையில் வைத்துக்கொண்டு போனவரிடம் இப்படி ஒன்று கிளம்பினால், அந்த ஒப்புதலும் தானாகவே ரத்தாகிவிடும்.

இரண்டுக்கும் கேட்பது ‘மிகக் கடுமையான இன்னல்’. யாருக்கு? உங்களுக்கு அல்ல. குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ ஆன துணைவருக்கு அல்லது பெற்றோருக்கு. பிள்ளை படும் கஷ்டத்தைக்கூட, அது துணைவரை எப்படி அழுத்துகிறது என்றுதான் எழுத வேண்டும். அவர் இங்கே தனியாக இருந்தால் என்ன ஆகும், உங்களோடு ஊருக்கு வந்தால் என்ன ஆகும், இரண்டையும் எழுதுங்கள்.

ஒருவர் கடிதத்தில், “அவர் இல்லாமல் என்னால் வாழ முடியாது” என்று இருந்தது. உண்மைதான், ஆனால் எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். “வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். காலை ஐந்தரைக்கு அவர்தான் காரில் கொண்டுபோய் விடுகிறார். முடிந்ததும் தலைசுற்றலால் என்னால் வண்டி ஓட்ட முடியாது, டாக்டர் கடிதம் இணைப்பு” என்று மாற்றினோம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு காகிதம் இருக்க வேண்டும்.

படி 6: இன்டர்வியூவும் அதற்குப் பிறகும்

தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பெரும்பாலும் மும்பைத் துணைத் தூதரகம், இலங்கையில் இருப்பவர்களுக்குக் கொழும்பு. மருத்துவப் பரிசோதனை தூதரகப் பட்டியலில் உள்ள டாக்டரிடம் மட்டுமே. பெண் பார்த்துச் செய்த கல்யாணம் என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். “முதலில் எப்போது சந்தித்தீர்கள்” என்பதற்குக் காதல் கதை ஜோடிக்க வேண்டாம்.

விசா கிடைத்ததும் கிரீன் கார்டு அச்சிட 235 டாலர் கட்ட வேண்டும். உள்ளே வரும் நாளில் திருமணமாகி இரண்டு வருடம் ஆகவில்லை என்றால் இரண்டு வருட நிபந்தனைக் கார்டுதான் வரும். அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாளுக்குள் ஐ-751 போட வேண்டும். கார்டு தபாலில் வந்த அன்றைக்கே அந்தத் தேதியை இரண்டு பேர் போனிலும் குறித்து வையுங்கள்.