மௌனப் படங்களைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மௌனப் படம் என்று சொன்னதும் பலருக்கும் மனதில் ஓடுவது ஒரே காட்சிதான். திரை முழுக்க மழை பெய்வது மாதிரிக் கீறல்கள், வெளுத்துப்போன முகங்கள், சாவி கொடுத்த பொம்மை போல விறுவிறுவென்று நடக்கிற ஆட்கள். அந்தக் காலத்துப் படமே இப்படித்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டு, அதன் மேலேயே கட்டுரை எழுதுகிறார்கள், வீடியோ போடுகிறார்கள். உண்மையில் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் படம் எடுத்தவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. பிரிண்டிலிருந்து பிரிண்ட், அதிலிருந்து இன்னொரு பிரிண்ட் என்று பின்னால் வந்தவர்கள் அக்கறையில்லாமல் எடுத்த பிரதிகளில் சேர்ந்த கோளாறு அது. கையில் கிடைத்த மோசமான பிரதியை வைத்து ஒரு தலைமுறையின் உழைப்புக்கே தீர்ப்பு எழுதிவிடுகிறோம் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

வேகத்தையே எடுத்துக்கொள்வோம். அன்றைய கேமராவைக் கையால்தான் சுற்ற வேண்டும். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் 8 ஃபிரேம்கள், அதாவது 8 தனித்தனிப் படங்கள், பதிவாகும், நொடிக்கு இரண்டு சுற்று என்றால் 16 ஃபிரேம். இது ஏட்டுக் கணக்குதான். கேமராமேனுக்குக் கேமராமேன் வேகம் மாறும், 1920களில் பல படங்கள் நொடிக்கு 20 ஃபிரேமுக்கு மேலேயே ஓடின. பேசும் படம் வந்த பிறகு கதை மாறியது. ஓட்டத்தில் ஏற்ற இறக்கம் இருந்தால் குரலும் இழுபட்டுக் கெட்டுப்போகும் என்பதால் நொடிக்கு 24 என்று வேகத்தை நிலையாக வைத்துவிட்டார்கள். அப்புறம் பழைய படங்களையும் அதே புரொஜெக்டரில் போட்டு ஓட்டினார்கள். 16-ல் எடுத்ததை 24-ல் ஓட்டினால் ஒன்றரை மடங்கு வேகம்: ஒருவர் 60 விநாடி நடந்த நடை 40 விநாடியில் முடிந்துவிடும். அழ வேண்டிய காட்சியில் நாம் சிரிப்பது இதனால்தான்.

அதற்காக வேகமாகத் தெரிகிற எல்லாமே கோளாறு என்றும் சொல்லிவிடக் கூடாது. நகைச்சுவைப் படங்களில் துரத்தல் காட்சிகளுக்காக வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி எடுப்பார்கள், திரையில் அது பரபரவென்று ஓடும். ஆகவே ஒரு படத்தில் குதிரை, கார், மனிதன், மேஜையில் இருந்து விழுகிற பாத்திரம் எல்லாமே ஒரேபோல அவசரப்பட்டால் பிரதியைச் சந்தேகப்படுங்கள். துரத்தலில் மட்டும் அவசரம் தெரிந்தால் அது இயக்குநரின் கைவேலையாக இருக்கலாம். யூடியூபில் பார்க்கும்போது வேகத்தை 0.75 என்று மாற்றிப் பாருங்கள், 24 என்பது 18 ஆகிவிடும். பல சமயம் நடிகரின் முகத்தில் ஒரு யோசனை வந்து போவது அப்போதுதான் கண்ணில் படும். நன்றாக மீட்டெடுத்த பிரதியில் இதைச் செய்யத் தேவையில்லை, அங்கே வேகத்தை ஏற்கெனவே சரிசெய்திருப்பார்கள்.

அடுத்தது கறுப்பு வெள்ளை. அன்றைய படங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு விதத்தில் நிறம் ஏற்றித்தான் திரைக்கு வந்தன. இரவுக் காட்சி என்றால் பிரிண்டின் அந்தப் பகுதியை நீலச் சாயத்தில் முக்குவார்கள், தீப்பிடித்தால் சிவப்பு, விளக்கு வெளிச்சத்தில் வீட்டு உள்பக்கம் என்றால் மஞ்சள். பட்டப்பகலில் எடுத்த காட்சிகூட நீலம் ஏறினால் இரவாகிவிடும். கறுப்பு வெள்ளைப் பிரதியில் பார்க்கிற நாம், "நடுப்பகலில் எதற்கு லாந்தரைத் தூக்கிக்கொண்டு போகிறான்?" என்று கேட்போம். இது தவிர, ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் வண்ணம் தீட்டிய படங்களும் உண்டு. பிரெஞ்சு இயக்குநர் ஜார்ஜ் மெலியேயின் படங்களுக்குப் பாரிஸில் எலிசபெத் துயிலியே என்ற பெண்மணியின் பட்டறையில், சிறு தூரிகையோடு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வண்ணம் தீட்டினார்கள், ஒருவருக்கு ஒரு நிறம் என்ற கணக்கில். மெலியே 1902-ல் எடுத்த நிலவுப் பயணப் படத்தின் வண்ணப் பிரதி ஒன்று 1993-ல் பார்சிலோனாவில் கிடைத்தது. கட்டியாக ஒட்டிப்போயிருந்த அந்தச் சுருளைப் பொறுமையாகப் பிரித்தெடுத்து, 2011-ல் கான் திரைப்பட விழாவில் காட்டினார்கள். பழைய பிரிண்டை அவசர அவசரமாகக் கறுப்பு வெள்ளைச் சுருளில் பிரதி எடுத்ததில் இந்த நிறங்களெல்லாம் போயின.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்று இப்போது புதிதாகப் பரவுகிறது. கணினியில் போட்டு நிறம் ஏற்றி, நொடிக்கு 60 ஃபிரேம் ஆக்கி, "அந்தக் காலம் நிஜத்தில் இப்படித்தான் இருந்தது" என்று பகிர்கிறார்கள். அந்தச் சட்டையின் நிறத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை, மென்பொருள் ஊகித்தது அது. இடையில் சேர்ந்த ஃபிரேம்களையும் எந்தக் கேமராவும் பதிவு செய்யவில்லை. ரசிக்கலாம், தாராளமாக. சான்றாக மட்டும் காட்டாதீர்கள்.

சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. படத்தோடு இசை இருந்தது: சின்னக் கொட்டகையில் பியானோ, பெரிய அரங்கில் ஆர்க்கெஸ்ட்ரா. ஜப்பானில் பென்ஷி என்ற கதைசொல்லிகள் திரைக்குப் பக்கத்தில் இருந்து எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தார்கள். போஸ்டரில் நடிகரை விடப் பெரிதாகப் பெயர் வரும் அளவுக்கு அவர்களுக்குச் செல்வாக்கு. இந்தியாவிலும் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்கிறவர்கள் இருந்தார்கள். எனவே சத்தமே இல்லாமல் போட்டுப் பார்த்துவிட்டு "போரடிக்கிறது" என்றால், அன்றைய ரசிகர்கள் அப்படிப் பார்க்கவே இல்லை என்பதுதான் பதில்.

கீறல், வேகம், நிறம் எல்லாம் மேலோட்டமானவை. பிரதி நம்மை ஆழமாக ஏமாற்றுவது எடிட்டிங்கில். அமெரிக்காவில் எட்வின் போர்ட்டர் எடிசன் நிறுவனத்துக்காக எடுத்து 1903-ல் வெளியான ஒரு தீயணைப்பு வீரர் படம் உண்டு. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருந்த பிரிண்டில், மாடி அறைக்குள் தாயும் குழந்தையும் தவிக்கிற காட்சியும் வெளியே ஏணி வைத்து வீரர் ஏறுகிற காட்சியும் மாறி மாறி வருகின்றன. இதைப் பார்த்தவர்கள் உள்ளே வெளியே என்று வெட்டி வெட்டிக் கதை சொல்லும் முறையைப் போர்ட்டர் 1903-லேயே பிடித்துவிட்டார் என்று புத்தகங்களில் எழுதினார்கள். ஆனால் அன்று காப்புரிமைக்காகப் படத்தை முழுவதும் காகிதச் சுருளில் அச்சடித்து அரசிடம் கொடுக்கும் வழக்கம் இருந்தது, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் அது பத்திரமாக இருந்தது. அதில் பார்த்தால் கதையே வேறு. முதலில் அறைக்குள் இருந்து முழு மீட்பும் நடக்கிறது: வீரர் கதவை உடைத்துக்கொண்டு வருகிறார், தாயைத் தூக்கிப் போகிறார், திரும்பி வந்து குழந்தையை எடுக்கிறார். முடிந்ததும் அதே மீட்பு முதலிலிருந்து மறுபடியும் வருகிறது, இந்த முறை தெருவிலிருந்து! பின்னால் யாரோ, பிற்கால ரசனைக்கு ஏற்ப, இரண்டையும் வெட்டிக் கலந்திருக்கிறார்கள். 1903-ன் பார்வையாளர் ஒரே சம்பவத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் முழுசாகப் பார்ப்பதைக் குறையாக நினைக்கவில்லை. அந்த வித்தியாசமான ரசனை அல்லவா நமக்குத் தெரிய வேண்டியது? வெட்டி ஒட்டிய பிரதி அதைத்தான் மறைத்துவிட்டது.

"முதல்" என்ற சொல்லைக் கொஞ்சம் பார்த்துப் பயன்படுத்துங்கள். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் கிராண்ட் கஃபேயில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிப் படம் காட்டியது பெரிய நாள்தான். ஆனால் பெர்லின் விண்டர்கார்டனில் ஸ்க்ளாடனோவ்ஸ்கி சகோதரர்கள் நவம்பர் 1-லேயே கட்டணக் காட்சி நடத்திவிட்டார்கள். அதற்கும் முன்பு, 1894 ஏப்ரலில், நியூயார்க்கில் எடிசனின் பெட்டிக்குள் ஓடிய படத்தை ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். 1888-லேயே லீட்ஸ் நகரில் லூயி லெ பிரின்ஸ் ஒரு தோட்டத்தில் நாலு பேர் நடமாடுவதைச் சில விநாடிகள் படம் பிடித்திருந்தார். எதில் முதல் என்று சொல்லாமல் வெறும் "உலகின் முதல் படம்" என்று எழுதினால் அது தவறாகத்தான் முடியும்.

ரயில் கதையும் அப்படித்தான். லூமியேர் சகோதரர்களின் படத்தில், திரையில் ரயில் வந்ததும் ஜனங்கள் அலறியடித்து ஓடினார்கள் என்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த டிசம்பர் 28 நிகழ்ச்சியில் ரயில் படம் காட்டப்படவே இல்லை, அது அடுத்த ஜனவரியில்தான் திரைக்கு வந்தது. மக்கள் ஓடியதற்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் கிடைத்ததில்லை. வியந்திருப்பார்கள், சிலிர்த்திருப்பார்கள். நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடும் அளவுக்கு அவர்களை ஏமாளிகளாக ஏன் ஆக்க வேண்டும்?

குளோசப்பை அமெரிக்க இயக்குநர் கிரிஃபித் கண்டுபிடித்தார் என்பதும் வேண்டாம். 1913 டிசம்பரில் பத்திரிகை விளம்பரத்தில் அவரே அப்படி உரிமை கொண்டாடினார், அதையே வரலாறாக எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் ஜி. ஏ. ஸ்மித் 1900-லேயே பூதக்கண்ணாடி வழியாகக் கண்ணும் கடிகாரமும் திரை நிறையத் தெரியும்படி எடுத்துவிட்டார். அதேபோல 1927-ல் மௌனப் படம் ஒரே ராத்திரியில் செத்துப்போனது என்பதும் சரியில்லை. அந்த ஆண்டு புகழ்பெற்ற 'பேசும் படமான' 'தி ஜாஸ் சிங்கரில்' பேச்சு கொஞ்சம்தான், பெரும்பகுதி டைட்டில் கார்டுதான், அதாவது திரையில் எழுத்தாக வரும் வசனம். ஜப்பானில் 1930களின் நடுவிலும் மௌனப் படங்கள் வந்தன. நம் பக்கத்தில் 1931-ல் 'காளிதாஸ்' பேசிய பிறகும், 1933-ல் 'மார்த்தாண்ட வர்மா' மௌனமாகவே எடுக்கப்பட்டது.

கடைசியாக, இருப்பதை வைத்து இல்லாததை எடைபோடுவது. அன்றைய படங்கள் பதிவான நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பிடிக்கும், தானாகவே மக்கியும் போகும். அதில் இருக்கிற வெள்ளிக்காகவே உருக்கப்பட்டவையும் நிறைய. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே வந்த சுமார் 11,000 முழுநீள மௌனப் படங்களில், வெளியான அதே 35 மி.மீ. வடிவில் முழுசாக எஞ்சியவை 14 சதவீதம்தான். இந்தியாவில் 1,300க்கு மேல் எடுத்ததில் முழுசாகவோ துண்டாகவோ மிஞ்சியவை முப்பதைத் தாண்டாது. மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்துவந்த நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம்; ஆண்டு 1916 என்றும் 1917 என்றும் 1918 என்றும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், பிரதி எங்கும் இல்லை. இன்று இதைப் பற்றி எழுதுகிறவர் யாரும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. அதனால் அதன் ஒளிப்பதிவு இப்படி, நடிப்பு இப்படி என்று வர்ணிக்கும் பதிவு கண்ணில் பட்டால் நம்பாதீர்கள். முதலியார் படம் எடுத்த மில்லர்ஸ் சாலை, அவருக்குக் கேமரா கற்றுக்கொடுத்த பூனா ஆங்கிலேயர், பல மொழிகளில் போட்ட டைட்டில் கார்டு என்று சொல்வதற்கு உறுதியான செய்திகள் இருக்கின்றன, அவற்றை எழுதலாம்.