குரோஷா: சதுரமாகத் தொடங்கியது ஏன் முக்கோணமாகிறது?

சேலத்தில் நூலுக்குப் பஞ்சமில்லை. கொக்கி வைத்த ஒற்றை ஊசியால் நூலைப் பின்னும் குரோஷாவைப் பழகத் தொடங்குபவர்களுக்கு அதுவே முதல் வில்லங்கம். பக்கத்துத் தறிக்கூடத்தில் கிடைக்கும் 40-ஆம் நம்பர், 60-ஆம் நம்பர் நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நம்பர் ஏற ஏற நூல் மெலிசு. பின்னல் எது, இடைவெளி எது என்று கண்ணுக்கே பிடிபடாது. ஐந்து இழையைச் சேர்த்துப் பிடித்தாலும் ஊசிமுனை இரண்டை இழுத்து மூன்றை விட்டுவிடும். பழகுவதற்கு நடுத்தரத் தடிமனில், வெளிர் நிறத்தில், நன்றாக முறுக்கேறிய அக்ரிலிக் உல்லன் நூல் வாங்குங்கள். கறுப்பு வேண்டாம். முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்கும் நூலும் வேண்டாம், தப்பானதைப் பிரிக்கவே முடியாது. சிட்டமாக (மடித்த நூல்கற்றையாக) வாங்கினால் முதலில் உருண்டையாகச் சுற்றிக்கொள்ளுங்கள். சிட்டத்திலிருந்து நேரே இழுத்தால் பத்து நிமிடத்தில் காக்கைக்கூடுதான்.

ஊசி 4 அல்லது 5 மி.மீ. கடையில் நம்பர் சொல்லிக் கேட்காமல் மி.மீ. சொல்லிக் கேளுங்கள், ஏனென்றால் லேஸ் போடும் ஸ்டீல் ஊசிகளில் நம்பர் கூடினால் தடிமன் குறையும். சித்திரை வெயிலில் கை வியர்த்தால் அக்ரிலிக் நூல் பிளாஸ்டிக் ஊசியில் ஒட்டி நகராமல் நிற்கும். அலுமினிய ஊசியில் வழுக்கிப் போகும். ஏற்காட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

அடுத்தது செயின், அதாவது துணிக்கு அடித்தளமாகப் போடும் சங்கிலிப் பின்னல். ஊசியில் கொக்கிக்குக் கீழே ஒடுங்கிய கழுத்து இருக்கிறது, அதற்கும் கீழே தடித்த தண்டு. கண்ணியைக் கழுத்திலேயே வைத்து இறுக்கினால் அடுத்த வரிசையில் ஊசி உள்ளே போகாது. துணியின் அடியும் வில்லாக வளையும். கண்ணியைத் தண்டு வரை இறக்கிப் பின்னுங்கள். அப்படியும் இறுகினால் செயினை மட்டும் ஒரு அளவு பெரிய ஊசியில் போடலாம். எண்ணும்போது தொடக்க முடிச்சும், ஊசியில் தொங்கும் கண்ணியும் கணக்கில் சேராது.

இனி ஓரம். பழகுபவர்களின் கண்ணீரெல்லாம் இங்கேதான்.

சிங்கிள் என்ற குட்டைப் பின்னலில் 20 வேண்டுமென்றால் 21 செயின் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்க வேண்டும். வரிசை முடிந்ததும் ஒரு செயின் போட்டுத் திருப்பி, முதல் பின்னலிலேயே குத்த வேண்டும். அந்த ஒரு செயின் கணக்கில் வராது. வரிசையின் கடைசிப் பின்னல் இறுகி ஒளிந்துகொள்ளும். அதை விட்டால் 20 என்பது 19, பிறகு 18. பத்து வரிசையில் சமோசா தயார். முதல் பின்னலிலும் கடைசிப் பின்னலிலும் ஆளுக்கொரு ஊக்கு மாட்டுங்கள், வரிசைதோறும் மேலேற்றுங்கள். தனியாக மார்க்கர் வாங்க வேண்டியதில்லை.

டபுள் என்ற உயரமான பின்னலில் கணக்கு வேறு. 20-க்கு 22 செயின். நான்காவது செயினில் தொடங்கினால், தாண்டிய மூன்றும் சேர்ந்து முதல் பின்னலாகிவிடும். திருப்பும்போது போடும் 3 செயினும் அப்படியே. ஆகவே அதன் அடியில் குத்தாமல் அடுத்த பின்னலுக்குப் போக வேண்டும். வரிசைக் கடைசியில் முந்தைய வரிசையின் 3 செயினின் உச்சியில் ஒன்று போட வேண்டும். அடியிலும் குத்தி, உச்சியையும் விட்டால் வேடிக்கை: எண்ணினால் 20 சரியாக வரும், ஓரம் மட்டும் பல் பல்லாக நிற்கும். அதனால் எண்ணிக்கையோடு ஓரத்தையும் பாருங்கள்.

மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு பின்னலும் படுத்த ‘வி’ போலத் தெரியும். ஊசி அதன் இரண்டு காலுக்கும் அடியில் நுழைய வேண்டும். ஒரு காலை மட்டும் பிடித்தால் துணியில் கோடு விழும், தளர்ந்தும் போகும்.

வீடியோவைப் பார்த்துப் பழகினால் பெயரில் கவனம் வேண்டும். அமெரிக்கர்களின் சிங்கிளைப் பிரிட்டிஷார் டபுள் என்பார்கள். அமெரிக்க டபுள் அங்கே ட்ரெபிள். ‘சிங்கிள்’ என்ற சொல் வந்தாலே அது அமெரிக்க முறை.

வட்டம் பழக, தட்டுவடை அளவில் ஒரு டம்ளர் மேட் போதும். சிங்கிளில் 6-இல் தொடங்கி, சுற்றுக்கு 6 கூட்டுங்கள்: 6, 12, 18, 24. கூட்ட மறந்தால் கிண்ணமாகக் குழியும், அதிகம் கூட்டினால் அப்பளம் போல நெளியும். ஒவ்வொரு சுற்றின் முதல் பின்னலிலும் ஊக்கு இருக்கட்டும்.

முடிக்கும்போது 15 செ.மீ. வால் விட்டு வெட்டி, காதுள்ள தையல் ஊசியில் கோத்துப் பின்னல்களுக்குள் ஒரு திசையில் ஓட்டி, மறுதிசையில் திருப்பி ஓட்டுங்கள். வெறும் முடிச்சு போட்டால் துவைக்கும்போது அவிழும். நெளிவை எடுக்க அயர்ன் பெட்டியை வைக்காதீர்கள். சூடு பட்ட அக்ரிலிக் துவண்டது துவண்டதுதான். ஈரமாக்கி, துண்டின் மேல் விரித்து, ஓரங்களில் குண்டூசி குத்தி உலர விடுங்கள்.