முதல் மீன்தொட்டிக்கு மீன் வாங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கடையில் விரல் நீளம் இருக்கும் மீனைப் பார்த்து ‘சின்ன மீன்’ என்று நினைத்துவிடுகிறோம். பல நேரம் அது சின்ன மீன் அல்ல, குட்டி மீன். முதல் தொட்டியில் வரும் தொல்லைகளில் பாதி இதிலிருந்துதான் தொடங்குகிறது.

நானும் இதில் ஏமாந்தவன்தான். கண்ணாடியில் படியும் பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று கேள்விப்பட்டு, இரண்டு அங்குலச் சக்கர் மீன் ஒன்றை வாங்கி இரண்டடித் தொட்டியில் விட்டேன். குட்டியாக இருந்தவரை பாசியைச் சுரண்டியது. வளர வளர, மற்ற மீன்களுக்குப் போடும் தீனியே போதும் என்று முடிவு செய்துவிட்டது. அது ஒருமுறை திரும்பினால் செடி வேரோடு மிதக்கும். கழிவு நூல் நூலாகத் தரையெங்கும் கிடக்கும். சாதாரண சக்கர் ஓர் அடியைத் தாண்டி வளரும் என்று பிறகுதான் தெரிந்தது. ‘துப்புரவுப் பணியாளர்’ என்று எந்த மீனையும் வாங்காதீர்கள். எல்லா மீனும் தின்னும், எல்லா மீனும் கழியும். வளர்ந்த பிறகு சமாளிக்க முடியவில்லை என்று ஏரியிலோ குளத்திலோ கொண்டுபோய் விடவும் கூடாது. சக்கர் பல நாடுகளின் நீர்நிலைகளில் பெருகி, அங்கே இருந்த மீன்களுக்கு எமனாகியிருக்கிறது.

ஷார்க் என்ற பெயரில் விற்கும் மீன்களிலும் இதே கதைதான். அவற்றில் ஒரு வகை, ஆற்றில் ஒரு மீட்டருக்கு மேல் வளரும் கெளுத்தி இனம். ஆஸ்கர் என்ற மீனும் ஓர் அடி வரை போகும். ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, “இது எவ்வளவு பெரிசாகும்?”

தங்கமீனைத் தனியாகச் சொல்ல வேண்டும். கண்ணாடிக் கிண்ணத்தில் ஒற்றைத் தங்கமீன் என்பது படத்துக்குத்தான் அழகு. நன்றாக வைத்திருந்தால் பத்து வருடத்துக்கு மேல் வாழக்கூடிய மீன் அது, கையளவு வளரும், கழிவும் அதிகம். கிண்ணத்தில் சில வாரங்களில் செத்துப்போனால் ‘அதன் ஆயுள் அவ்வளவுதான்’ என்கிறோம். தவிர, அது குளிர்ந்த தண்ணீரை விரும்புவது. வெதுவெதுப்பான தண்ணீர் கேட்கும் ஃபைட்டரோடும் டெட்ராவோடும் அதைச் சேர்ப்பது இருவருக்கும் நல்லதல்ல.

யாரை யாரோடு விடுவது என்பதிலும் கண் ஏமாற்றும். ஏஞ்சல் மீன் சாதுவாகத்தான் மிதக்கும், ஆனால் வளர்ந்ததும் வாயில் நுழைகிற நியான் டெட்ராவை ஒவ்வொன்றாக விழுங்கிவிடும். டைகர் பார்ப்புக்கு நீளத் துடுப்பைக் கண்டால் சும்மா இருக்க முடியாது, கடித்துக் குதறும். ஆண் ஃபைட்டர் இரண்டை ஒரே தொட்டியில் விட்டால் என்ன ஆகும் என்று பெயரே சொல்கிறது. இன்னொரு பக்கம், கலர் கலராக இருக்கட்டும் என்று வகைக்கு ஒன்றாக வாங்குவதும் தவறு. டெட்ரா கூட்டமாக வாழ்வது. குறைந்தது ஆறு மீன் சேர்ந்து இல்லாவிட்டால் பயந்து மூலையில் ஒடுங்கும், நிறமும் மங்கும்.

முதல் தொட்டிக்கு நான் சொல்வது கப்பி, பிளாட்டி போன்றவை. ஒரே ஒரு எச்சரிக்கை: ‘ஜோடியாகக் கொடுங்கள்’ என்று கேட்காதீர்கள். கப்பி மாதத்துக்கொருமுறை குட்டி போடும். ஆணே இல்லாவிட்டாலும், முன்பே இணைந்த பெண் அந்த விந்தை உடலில் சேமித்து வைத்துப் பல மாதம் குட்டி போட்டுக்கொண்டிருக்கும். குட்டி வேண்டாம் என்றால் ஆண்களை மட்டும் வாங்குங்கள். விசிறி வாலும் நிறமும் இருப்பது ஆண். உருண்ட வயிறும், பின்துடுப்புக்கு அருகே கரும்புள்ளியும் இருப்பது பெண்.

தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்குவது, நான் பார்த்தவரை, எல்லோரும் செய்வது. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது விஷம். அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தெளிவாகத் தெரிகிறதே என்று புதுத் தண்ணீரை நம்ப முடியாது. அந்த வாரங்களில் ஃபில்டரை ஓடவிட்டு, சிட்டிகை தீனி போட்டு, தண்ணீரைச் சோதித்து வாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகு இரண்டு மூன்று மீன், அப்புறம் சில வாரம் கழித்து மற்றவை. தொட்டியும் ஐம்பது லிட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். சின்னத் தொட்டிதான் சுலபம் என்று தோன்றும், ஆனால் தண்ணீர் குறையக் குறைய ஒரு சின்னப் பிசகும் பெரிதாகிவிடும்.

சரி, கடைக்குப் போயாயிற்று. கை காட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் கண்ணாடி முன் சும்மா நில்லுங்கள். துடுப்பை உடலோடு ஒட்டி வைத்திருக்கிறதா, உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா, செவுள் படபடவென்று அடிக்கிறதா என்று பாருங்கள். இவை நோயின் அறிகுறிகள். இயல்புக்கு மீறிய ஊதா, பச்சையில் மின்னும் கண்ணாடி மீன் (உடல் ஊடுருவித் தெரியும் வகை) என்றால் ஊசியில் சாயம் ஏற்றியதாக இருக்கலாம், வேண்டாம். கொஞ்சம் தீனி போடச் சொல்லுங்கள். ஓடி வந்து தின்னாததை எடுக்காதீர்கள். அதே தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தால், நீங்கள் கேட்ட மீன் எவ்வளவு துள்ளினாலும் சரி, அன்றைக்கு அந்தத் தொட்டியிலிருந்து எதுவும் வாங்காதீர்கள்.